உப்புக் காத்தும் ஒரு கம்ப்ரஸரும்

மரக்காணத்தில் கார் வைத்திருப்பவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று பெட்ரோல் விலை. இன்னொன்று காற்று! வருமான வரிக் கணக்கில் தொழிலுக்கு வைத்திருக்கும் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். அதை நிர்ணயித்த புண்ணியவான் உப்பளத்தோரம் ஒரு மாசம் வண்டி நிறுத்தியிருந்தால், தாராளமாக இன்னும் பத்து சேர்த்திருப்பார்.

போன மே மாசம் எங்கள் பழைய காரின் ஏ.ஸி. கம்ப்ரஸர் கடகடவென்று தாளம் போட ஆரம்பித்தது. அம்மாவை மாசம் ஒரு தரம் இருதயச் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டும். 'வெயில் படக்கூடாது' என்பது டாக்டர் உத்தரவு. ஈ.ஸி.ஆரில் மத்தியானம் கண்ணாடியை இறக்கினால் காற்றா வருகிறது? அடுப்பு ஊதுகிறது!

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகைக்கு நான் நாலு மாசம் கட்டுரை எழுத வேண்டும். திண்டிவனத்தில் ஏ.ஸி. கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி காப்பாற்றினான்.

"வீட்டு வாசல்லயே மாத்திடலாம் மாமா. ஆனா கேஸை மட்டும் நீங்க தொடக்கூடாது. கடைக்கு வாங்க, மெஷின்ல உறிஞ்சிக்கிறேன்."

"திறந்து விட்டா போயிடாதா மாப்ளே?"

"போயிடும்... உங்க கண்ணும் சேர்ந்து!"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 134ஏ என்ற அந்தக் கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். திரவமாகத் தோலில் பட்டால் சதை உறைந்துவிடும். வானத்துக்கும் ஆகாது. ஒரு கிலோ விட்டால், நூறு வருஷக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். இதற்கு முன்னால் இருந்த ஆர்-12 ஓசோனையே ஓட்டை போட்டது. 1987-ல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டுத்தான் அதை ஓரங்கட்டினார்கள்.

கேஸ் எடுத்தாயிற்று. வாசலில் பேட்டரி ஒயரைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு ஹோஸையும் பிரித்து வாயைப் பிளாஸ்டிக்கால் கட்டினோம். அடுத்து நாலு போல்ட். உப்புத் துரு! எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தும் மூன்றுதான் அசைந்தது.

வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர் உப்பளத்தில் பாத்தி கட்டுபவர். "இந்த வெயிலுக்கே மெஷினு கெட்டுப் போச்சா தம்பி? எங்களுக்கு வெயில் போனாத்தான் ரிப்பேரு" என்றார். எனக்கு ஸ்பானர் கொஞ்சம் கனத்தது.

நாலாவதும் மசிந்தது. பழைய கம்ப்ரஸரின் ஆயிலை வடித்து, இரும்புத் தூள் மினுக்குகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தான் மாப்பிள்ளை. இல்லை. இருந்தால் பைப் முழுக்கக் கழுவ வேண்டுமாம். புதுசை மாட்டி, ஆயிலை அளந்து விட்டு, ஓ-ரிங், டிரையர் இரண்டையும் மாற்றினான். ஈரம் உள்ளே போனால் கேஸோடு சேர்ந்து அமிலமாகி அரிக்குமாம். அதனால்தான் முக்கால் மணி வேக்குவம். அதன் பிறகே, பானெட் ஸ்டிக்கரில் போட்டிருந்த எடைக்குக் கேஸ்.

இந்தத் தொல்லைக்கே அலுத்துக்கொண்டால் எப்படி? 1939-ல் அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி ஏ.ஸி. கார் காட்டியபோது, அதை நிறுத்த வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது!

கிளம்பும்போது மாப்பிள்ளை சொன்னதுதான் சாரம். "கம்ப்ரஸர் சும்மா சாகாது மாமா. கண்டென்ஸரை உப்பு அரிக்கும், கேஸ் கசியும், கேஸோட சுத்தற ஆயிலும் குறையும். வறண்டு போய்த்தான் செத்துச்சு. நல்ல வேளை, கசிவையும் அடைச்சாச்சு."

கடலோர ஆபீஸ் நண்பர்களே, வாரம் ஒரு தரம் நல்ல தண்ணீரால் முன்பக்கத்தைக் கழுவுங்கள். ஒரு குடத்துக்கு ஒரு கம்ப்ரஸர் மிச்சம்.

அடுத்த ஜிப்மர் பயணத்தில் திண்டிவனம் ரோடு தாண்டுவதற்குள் அம்மா சொன்னார்: "போதும்டா, குளிருது. கொஞ்சம் கம்மி பண்ணு!"