பெயரற்றவளின் கதைக்கு ஒரு பெயர்

நாட்டுப்புறக் கதைகளை ஒப்பிட்டு ஆராயப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது கதையை அன்று, எண்ணை. பின்லாந்து நாட்டு அறிஞர் ஆண்டி ஆர்னே 1910இல் வெளியிட்ட கதைவகை அடைவினை அமெரிக்க அறிஞர் ஸ்டித் தாம்சன் 1928இலும் 1961இலும் விரித்தும் திருத்தியும் வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் 2004இல் அதனை மூன்று தொகுதிகளாக மீளவும் உருவாக்கினார். இவ்வடைவில் ஒவ்வொரு கதைவகைக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை அடுத்து ஒரு பெயர் உண்டு. எண்ணைக் குறித்து எவரும் பெரிதாக வழக்காடியதில்லை. பெயரைக் குறித்தே கருத்து வேறுபாடுகள் எழுந்துள்ளன. அவை வெறும் சொற்பூசல்கள் அல்ல என்பதற்கு 931ஆம் எண் போதிய சான்றாகும்.

இவ்வெண்ணுக்கு அடைவு தந்த பெயர் 'ஈடிப்பஸ்'. தந்தையைக் கொன்று தாயை மணந்த கிரேக்க மன்னனின் பெயர் அது. தாய் மகன் மணம் இடம்பெறும் வாய்மொழிக் கதைகள் இப்பெயரின்கீழ் வைக்கப்பட்டன. ஏ.கே. இராமானுசன் வட கருநாடகத்தில் பெண்களிடம் கேட்டுப் பதிந்த கன்னடக் கதையும் இவ்வெண்ணுக்கு உரியதே.

அக்கதை ஒரு பெண்ணின் பிறப்போடு தொடங்குகிறது. தன் மகனையே மணந்து அவனுக்கு ஒரு பிள்ளையைப் பெறுவாள் என்பது அவளது தலையெழுத்து. அதனை அறிந்தவுடன் அவள் ஆடவர் முகத்தையே காண்பதில்லை என்று உறுதி பூண்டு காட்டுக்குச் சென்றுவிடுகிறாள். ஊழ் அவளைத் தேடி வருகிறது. மாங்கனி ஒன்றை உண்டு கருவுறுகிறாள். பிறந்த ஆண் குழந்தையைத் தன் சேலைத் துணியில் சுற்றி ஓடும் நீரில் விட்டுவிடுகிறாள். அதனை எடுத்து வளர்த்தவர்கள் வேற்று நாட்டு அரசனும் அரசியும் ஆவர். வளர்ந்த இளவரசன் காட்டில் அவளைக் கண்டு காதல்கொண்டு மணக்கிறான். அவளுக்கு ஒரு மகன் பிறந்தபின், அரண்மனையில் காத்து வைக்கப்பட்டிருந்த பழைய துணியைக் காண்கிறாள். அது தன் சேலைத் துணி என்பதை அவள் மட்டுமே அறிவாள். அன்றிரவு தொட்டிலருகே நின்று, அதே குழந்தையை மகனாகவும் பேரனாகவும் கணவனின் உடன்பிறப்பாகவும் முறை வைத்து அழைத்துத் தாலாட்டுப் பாடி உறங்கவைக்கிறாள். பின்னர்த் தூக்கிட்டு உயிர் துறக்கிறாள்.

இக்கதையில் தந்தைக் கொலை இல்லை. கொல்லப்படுவதற்குத் தந்தை என்று ஒருவன் கதைக்குள் நிலைபெறவே இல்லை. ஊழை முன்னறிபவள் அவள். அதனின்று தப்ப முயல்பவள் அவள். இறுதியில் உண்மையைக் கண்டடைபவளும் அவளே. கிரேக்க நாடகத்தில் மகன் தேடிக் கண்டதை இங்குத் தாய் கண்டுகொள்கிறாள். மகனுக்கோ இறுதிவரை எதுவும் தெரிந்ததாகக் கதை காட்டவில்லை. எனினும் அடைவு இக்கதையை மகனின் பெயரால் அழைக்கிறது. அதுவும் இக்கதைக்குள் இல்லாத வேறொரு மகனின் பெயரால்.

ஐராவதி கார்வே 1950இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இதே கதையின் மராத்தி வடிவத்தை அறிமுகப்படுத்தியது. அதன் முடிவு முற்றிலும் வேறு. உண்மையை உணர்ந்த பெண் உயிரை மாய்த்துக்கொள்ளாமல், விதித்தது நடந்தது என ஏற்று வாழ்கிறாள். கார்வேயின் கட்டுரைத் தலைப்பிலும் ஈடிப்பஸ் உண்டு. கிரேக்கப் பெயரை மனத்திற்கொண்டு படிப்பவருக்கு இம்முடிவு ஒரு பிறழ்ச்சியாகவே தோன்றும். தண்டனை எங்கே என்று அவர் வினவுவார். பெண்ணின் கதையாகப் படிப்பவருக்கு, ஒரே சுமையை இருவர் இருவகையாகச் சுமந்தனர் என்றே தோன்றும். ஒரு பெயர் எதனை மூலமாகவும் எதனைத் திரிபாகவும் காட்டவல்லது என்பது இங்கு விளங்குகிறது.

பெயரிடுதலில் நேர்ந்த இச்சாய்வு 931ஆம் எண்ணோடு நின்றுவிடவில்லை. தாம்சனின் அடைவில் 313ஆம் கதைவகையின் பெயர், தலைவன் தப்பியோடுகையில் துணைநிற்கும் பெண் என்னும் பொருளுடையது. கதையிலோ வழி அறிந்தவளும் மாயம் செய்பவளும் துரத்துவோரைத் தடுப்பவளும் அப்பெண்ணே. எல்லாவற்றையும் செய்பவள் துணை, ஓடுபவன் தலைவன்! அடைவுகளில் உள்ள இத்தகைய பால்சார்புகளை டோர்போர்க் லுண்டெல் 1986இல் விரிவாக எடுத்துக்காட்டினார். ஊத்தர் தம் பதிப்பில் 313ஐ மாயத் தப்பியோட்டம் என்ற பொருளில் மாற்றினார்; துணை என்ற சொல் போயிற்று. 931 மட்டும் ஈடிப்பஸாகவே நீடித்தது.

பெயரே இடாமல் விடுவதும் ஒருவகைப் பெயரிடல்தான். 1932 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த தம் கதைக்கூறு அடைவில், பாலியல் நகைச்சுவைக்கு எக்ஸ் 700 தொடங்கி 799 வரையிலான எண்களை ஒதுக்கிய தாம்சன், ஆபாசம் எனக் கருதியவற்றை அதனுள் சேர்க்காமல் விட்டார். ஆலன் டண்டஸ் இதனைக் கடுமையாகச் சாடினார். ஊரார் சிரித்துச் சொன்ன கதைகளுக்கு அறையுண்டு, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை என்பது விந்தையான நிலை.

இராமானுசன் இச்சிக்கலுக்குத் தேடிய விடை தமிழாய்வாளருக்கு மிகவும் அணுக்கமானது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த அவர், 1986இல் வெளிவந்த கட்டுரையில் கன்னட வாய்மொழி வழக்காறுகளை அகம், புறம் என்னும் தமிழ்ச் சொற்களால் பகுத்தார். அடுக்களையிலும் உணவு ஊட்டுமிடத்தும் பாட்டியர் சொல்லும் கதைகள் அகம். தொழில்முறைக் கலைஞர்கள் பொதுவிடத்தில் நிகழ்த்துபவை புறம். அகக் கதைகளில் மாந்தர்க்குப் பெயர் இராது. ஓர் அரசன், ஒரு பெண், ஓர் ஊர் என்பதே வழக்கு. அதே கதை பொதுவிடத்துக்கு வரும்போது மாந்தர் பெயர் பெறுகின்றனர். ஊரும் பெயர் பெறுகிறது. அன்பின் ஐந்திணையில் மாந்தரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்னும் தொல்காப்பிய மரபு இதனோடு ஒத்திருப்பது நோக்கத்தக்கது.

இவ்வகையில் பார்த்தால் 931ஆம் எண்ணின் பெயர் இழைத்த பிழை வேறொன்றாகவும் தெரிகிறது. அயல்நாட்டுப் பெயர் என்பதன்று குறை. பெயர் சூட்டலாகாத அகக் கதைக்கு, பெயர்பெற்ற அரசன் ஒருவனைச் சூட்டியதே குறை. கேட்கும் எந்தப் பெண்ணும் தன்னை வைத்துப் பார்க்கும்படி திறந்திருந்த இடம் அதனால் அடைபட்டது.

தொல்காப்பியச் செய்யுளியலில் இதனினும் கூர்மையான குறிப்பொன்று உண்டு. உரைநடையின் வகைகளைச் சொல்லுமிடத்துப் பொருள்மரபு இல்லாத பொய்ம்மொழியும் பொருளொடு புணர்ந்த நகைமொழியும் சுட்டப்படுகின்றன. யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடம் சென்றதாகத் தொடர்ந்து சொல்லப்படும் கதையைப் பேராசிரியர் முன்னதற்கு எடுத்துக்காட்டுகிறார். இவற்றைத் தொடர்ந்து, ஒன்று செவிலிக்கு உரியது, மற்றொன்று எவர்க்கும் விலக்கில்லாதது எனப் பாகுபாடு செய்யப்படுகிறது. கதை யாரைப் பற்றியது என்று அங்குக் கேட்கப்படவில்லை. யார் சொல்வதற்கு உரியது என்றே கேட்கப்படுகிறது. அகப்பாடல்களுக்குத் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனக் குறிப்பெழுதிய மரபுக்கு இவ்வினா இயல்பானதே. ஆர்னே, தாம்சன் அடைவுகளின் தலைப்புகளில் கூற்றுக்கு இடமில்லை. அங்குக் கன்னடத்துப் பெண் சொன்னதும் ஆடவன் ஒருவன் சொன்னதும் ஒரே எண்ணுக்குள் ஒன்றாகிவிடும்.

அடைவினை அறவே புறந்தள்ளுவதும் நேர்மையாகாது. 931 என்ற எண் இல்லாதிருந்தால் கன்னடக் கதையும் மராத்திக் கதையும் கிரேக்கக் கதையும் ஒரே மேசைமீது வந்து சேர்ந்திரா, வேறுபாடும் புலப்பட்டிராது. மகனின் கதையைத் தாயின் கதையாகத் திருப்பிக் காட்டிய தம் கட்டுரைக்கு இராமானுசனே 'இந்திய ஈடிப்பஸ்' என்றுதான் தலைப்பிட்டார். மறுத்த பெயரையே வாயிலில் எழுதிவைத்தார் என்று இதனைக் குறை கூறலாம். உலக ஆய்வாளர்கள் அந்த வாயில் வழியாகத்தான் வருவார்கள் என அவர் அறிந்திருந்தார் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அவர்மீது எழுப்பத்தக்க வேறொரு வினா இன்னும் கடினமானது. கன்னடப் பெண்களின் கதைகளுக்கு அகம் என்று பெயரிட்டது மட்டும் இரவற் பெயரிடல் ஆகாதா? செவ்வியல் தமிழ்க் கவிதையியலின் சொல்லை, அதனைக் கேட்டறியாத ஒரு பாட்டியின் கதைமீது வைப்பதும் மேலிருந்து சூட்டுவதுதானே? தமிழ் ஆய்வாளர்கள் இவ்வினாவைப் பெருமிதத்தால் கடந்துவிடுதல் எளிது. ஓரளவு விடை உண்டு: அகம் என்பது ஒருவரின் பெயரன்று, ஒரு சூழலின் பெயர், சொல்பவளை மறைக்காமல் அவள் சொல்லும் இடத்தைக் காட்டுகிறது. ஆயினும் அவ்விடத்துக்குப் பாட்டியரே ஏதேனும் சொல் வைத்திருந்தனரா என்று கேட்டுப் பதிவதே முறையான ஆய்வாகும். தமிழில் நாட்டுப்புறவியல் எனவும் நாட்டார் வழக்காற்றியல் எனவும் துறைக்கே இரு பெயர்கள் வழங்க, அவற்றின் பொருத்தம் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. கதை சொல்வோர் தம் கதைகளை எப்படிப் பிரித்து அழைக்கின்றனர் என்ற வினாவுக்கு அத்துணை இடம் தரப்படவில்லை.

இராமானுசன் 1993இல் மறைந்தார். அவர் தொகுத்த கன்னடக் கதைகள் ஸ்டூவர்ட் பிளாக்பர்னும் டண்டஸும் பதிப்பிக்க 1997இல் நூலாயின. அந்நூலில் இக்கதைக்கு 'தன் மகனையே மணந்த தாய்' என்னும் பொருள்படும் தலைப்பு உள்ளது. அதில் தாய்க்கும் பெயரில்லை, மகனுக்கும் பெயரில்லை. வாக்கியத்தின் எழுவாய் தாய்.