மலைமேல் ஒரு காது

சுங்காயில் செம்பனைத் தோட்டத்துக்குள் நின்று 5 வாட் கையடக்க வானொலியில் பேசினால், சில கிலோமீட்டர் தாண்டாது. மலை மறைத்துவிடும். அதற்காகத்தான் உயரத்தில் ‘ரிப்பீட்டர்’ வைக்கிறோம். ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, இன்னோர் அலைவரிசையில் பலமாக அனுப்பும். தன் குரலே தன் காதை அடைக்காதபடி ‘டூப்ளெக்சர்’ என்ற வடிகட்டி இரண்டையும் பிரித்து வைக்கும்.

அமைப்பதைவிடக் காப்பதுதான் பாடு. மின்னல், எறும்பு, மழைநீர். ஒரு மழைக்காலத்தில் எங்கள் ரிப்பீட்டர் ஊமையானது. வேலை, குடும்பம் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். ஏறிப் பார்த்தால் கேபிள் இணைப்பில் தண்ணீர். மேலே சுற்றிய டேப் பிரிந்திருந்தது. சுற்றியவன் நான்தான்.

இணைப்பை மாற்றி, அன்று மாலை அழைத்தேன். முதலில் பதில் சொன்னவர், வயதான காலத்தில் தேர்வெழுதி உரிமம் வாங்கிய முன்னாள் தோட்டக் கிராணி ஐயா. தனியாக இருப்பவர்.

“தினம் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன், தம்பி. என்னை மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் என்ற பெண்மணி அமெச்சூர் வானொலி மூலம் செய்திகளை அனுப்பினார். பேரிடருக்கு உதவும் கருவி இது என்று இளையோரிடம் அந்தக் கதையைத்தான் சொல்வேன். இப்போது கிராணி ஐயாவையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மாதம் ஒருமுறை தவறாமல் மலையேறுகிறோம். மாலை ஆறு மணிக்கு, முதலில் நானே அவரை அழைக்கிறேன்.