ஒண்ணே கால் கிலோ எங்கே போச்சு?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கணக்கு விரல் நுனியில் நிற்கும்.

போன லீவில் அவருடைய ஷீட்டுக் கணக்குக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கம் எழுதினேன். இரண்டு பெட்டி, ஒரு பட்டன். முதல் தடவை விற்றது 12.75 கிலோ, அடுத்தது 8.5. பட்டனைத் தட்டினேன். விடை 12.758.5!

அப்பா சிரித்துவிட்டார். "இதுக்காலே மக்கா ஃபீஸ் கட்டுனேன்?"

எனக்கு வெட்கமாகப் போச்சு. பெட்டியில் நாம் அடிப்பது பார்க்க எண் மாதிரி இருந்தாலும், கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்துதான். எழுத்துக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் கூட்டாது, ஒட்டிவைக்கும். பெருக்கல் குறி போட்டால் மட்டும் தானாகவே எண்ணாக மாற்றிப் பெருக்கிவிடும். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். நெட்ஸ்கேப் கம்பெனிக்காக 1995-ல் பிரண்டன் ஐக் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினாராம்!

'பார்ஸ்இன்ட்' போட்டுப் பார்த்தேன். விடை 20. எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"பன்னிரண்டே முக்காலும் எட்டரையும் இருபத்தொண்ணே கால்லா வரணும்? ஒண்ணே கால் கிலோ எங்கலே போச்சு?"

பார்ஸ்இன்ட் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். நான் விளக்கியதும் அப்பா மெதுவாகச் சொன்னார்: "முன்னால ஒரு கடையில இப்படித்தான் காலும் அரையும் தள்ளிட்டு எழுதுவான். கேட்டா, படிச்சவன் எழுதுனதுன்னு சொல்லுவான்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படித்தவனாகிய நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

மறுநாள் 'பார்ஸ்ஃப்ளோட்' போட்டேன். 21.25 வந்தது. பழைய பாக்கி 1,250.50 என்று அடித்தால் காற்புள்ளியைக் கண்டதும் நின்று, 1 என்று மட்டும் எடுத்துக்கொண்டது. காற்புள்ளியை நீக்கிய பிறகுதான் சரியானது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதால், ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் கூட்டுகிறேன்.

இப்போதும் அப்பா முதலில் மனசுக்குள் கூட்டுவார். பிறகுதான் என் விடையைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் தலையாட்டுவார். செமஸ்டர் மார்க்கைவிட எனக்கு அது பெரிசு.

நண்பர்களே, புரோகிராம் எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். புள்ளிக்குப் பின்னால் நிற்பதும் யாரோ ஒருவருடைய வேர்வைதான்.