உர்ராக் சீசனில் ஒரு விரதம்: கோவா மலைப்பக்கம் மூன்று நாள்

கோவா என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, வாட்ஸ்அப் குரூப்பில் பல வருடமாகத் திட்டம் போட்டும் போகாமலே இருக்கும் அந்த டூர்தான். போய் வந்தவர்கள் கடற்கரையைப் பற்றி மட்டும் சொல்வார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனால், அங்கே வேறொரு கோவா இருக்கிறது. செம்மண் சரிவுகள், வரிசை இல்லாமல் வளர்ந்த முந்திரி மரங்கள், அடியில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சளும் சிவப்புமான பழங்கள். இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு வாசனை ஊர் முழுக்க நிற்கிறது.

பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு இந்த வாசனை புதிதல்ல. ஆனால் நாம் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுவோம். பிள்ளைகள் உப்புத் தொட்டுச் சாப்பிடுவார்கள். சட்டையில் கறை பட்டால் வீட்டில் திட்டு விழும். கோவாவில் கொட்டைக்கு விலை உண்டுதான், என்றாலும் ஊரே காத்திருப்பது பழத்துக்கு. அதன் சாற்றைப் புளிக்கவைத்து, ஒரு முறை காய்ச்சி வடித்தால் ‘உர்ராக்’. மறுபடி காய்ச்சினால் ‘ஃபெனி’. முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து இங்கே கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-ல் கோவா அரசு அதைத் தன் பாரம்பரிய பானமாக அறிவித்தது.

(மது உடல்நலத்துக்குக் கேடு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையின் ஹீரோவும் இப்போது குடிப்பதில்லை.)

ஃபெனியைப் பாட்டிலில் அடைத்து வருடக்கணக்கில் வைக்கலாம். உர்ராக் அப்படி இல்லை. அது சீசன் சரக்கு. பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்து, மழை வருவதற்குள் முடிந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் அதில் லிம்கா ஊற்றி, உப்புப் போட்டு, ஒரு பச்சை மிளகாயைக் கீறிப்போட்டுக் குடிக்கிறார்கள். நம்மூரில் மாம்பழத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருப்பதுபோல இதற்குக் காத்திருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கிறிஸ்தவர்களின் தவக்காலமும் இதே மாதங்களில்தான் வருகிறது. 2024-ல் ஈஸ்டர் மார்ச் 31-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு உர்ராக்குக்கு இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. 2025-ல் சாம்பல் புதன் மார்ச் 5, ஈஸ்டர் ஏப்ரல் 20. சீசனின் நடுப்பகுதி முழுக்கத் தவக்காலத்துக்குள் மாட்டிக்கொண்டது.

மதுவை விடச் சொல்லித் திருச்சபை கட்டளை எதுவும் போடவில்லை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு, வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது. அதற்கு மேல் எதை விடுவது என்பது அவரவர் விருப்பம். சிலர் இனிப்பை விடுவார்கள், சிலர் சினிமாவை. மதுவை விடுபவர்களும் நிறைய. ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றிலிருந்து டாஸ்மாக் இருக்கும் தெருவையே மறந்துவிடும் அண்ணன்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. புரியாதது ஒன்றுதான். அதைத் தன் கையால் காய்ச்சுகிற ஒருவர், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே எப்படி விடுவார்?

அப்படி ஒருவரைத் தேடித்தான், மட்காவ் ரயில் நிலையத்தில் இறங்கி, கெப்பெம் பக்கம் போனேன். டிப்ளமோ படிக்கும்போது என்னோடு தங்கியிருந்த கோவா நண்பனின் தாய்மாமா அவர். வயது 61. கப்பலில் சமையல்காரராகப் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் நான் கூப்பிட்டபடியே ‘அங்கிள்’. காய்ச்சும் கொட்டகையை அங்கே ‘பட்டி’ என்கிறார்கள். அங்கிளின் பட்டி அவர் அப்பா காலத்தது. வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்த சிலருக்கும் மட்டுமே காய்ச்சுகிறார். வியாபாரம் என்பதைவிடப் பைத்தியம் என்று சொல்லலாம். ஆன்ட்டி அப்படித்தான் சொன்னார்.

“வீட்டில் காய்ச்சுவது” என்று கேட்டதும் தமிழ் காதுக்குக் கள்ளச்சாராயம்தான் கேட்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற செய்தியை, அப்போது எங்கள் டெஸ்க்கில் இரவெல்லாம் அப்டேட் செய்துகொண்டிருந்தோம். அதனால் முதலில் அதைத்தான் கேட்டேன். அங்கிள் கோபப்படவில்லை. கலால் துறை கொடுத்த உரிமத்தை எடுத்து வந்து காட்டினார். கோவாவில் முந்திரிக் காய்ச்சலுக்கு உரிமம் வாங்க வழி இருக்கிறது. நம் மாநிலத்தில் இல்லை. யாரும் யூடியூப் பார்த்து முயற்சி செய்ய வேண்டாம்.

வேலை விடியற்காலையில் ஆரம்பிக்கிறது. மரத்திலிருந்து பழத்தைப் பறிக்கக் கூடாது. தானாக விழுந்ததை மட்டுமே பொறுக்க வேண்டும். விழுந்த பழத்தில்தான் முழு இனிப்பு இருக்கும் என்கிறார்கள். கொட்டையைப் பிரித்துவிட்டு, பாறையில் குடைந்த சரிவான தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள். அந்தத் தொட்டிக்குக் ‘கொள்ம்பி’ என்று பெயர். இப்போது பல இடங்களில் மெஷின் வந்துவிட்டது, அங்கிள் வீட்டில் இன்னும் கால்தான். மிதித்த சாறு பானைக்குப் போய், ஏறக்குறைய மூன்று நாள் தானாகவே புளிக்கிறது. ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. பிறகு செம்புப் பானையில் ஊற்றி விறகடுப்பில் ஏற்றுகிறார்கள். ஆவி குழாய் வழியே போய், குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. முதல் வடிப்பில் கிடைக்கும் உர்ராக்கில் ஆல்கஹால் சுமார் 15 சதவிகிதம். ஃபெனி 42 சதவிகிதத்தைத் தாண்டும்.

மிதித்து முடித்த சக்கையைக் குவித்து, கொடியால் சுற்றிக் கட்டி, மேலே கல்லை ஏற்றி வைக்கிறார்கள். அதிலிருந்து இரவெல்லாம் தெளிவாக ஒரு சாறு வடியும். அதற்குப் பெயர் ‘நீரோ’. இது புளிக்காத சாறு, குழந்தைகளும் குடிக்கலாம். நானும் குடித்தேன், பதநீருக்கு ஒரு தம்பி மாதிரி இருந்தது. தவக்காலத்தில் அங்கிளின் பானம் இதுதான். ஆனால் வெயில் ஏற ஏற நீரோவும் புளிக்க ஆரம்பிக்கும் இல்லையா? எந்த மணியிலிருந்து அது மது? அங்கிளைக் கேட்டால் “மதியம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது” என்றார். ஆன்ட்டியின் சட்டம் காலை 9 மணி. 9 அடித்ததும் நீரோ இருந்த சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. மார்ச் 5-லிருந்து ஒவ்வொரு தேதியிலும் பென்சில் கோடு. நான் போன ஏப்ரல் 6 அன்று 33-வது கோடு. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துத்தான் தவக்காலம் 40 நாள் என்று கணக்கு. அதனால் ஞாயிறு மட்டும் சலுகை எடுத்துக்கொள்பவர்கள் ஊரில் உண்டு. இந்தக் காலண்டரில் ஞாயிறுக்கும் கோடு இருந்தது. கோடு போடுவது ஆன்ட்டி.

ஏன் அவர் போடுகிறார் என்று மீன் கழுவிக்கொண்டே சொன்னார். ஹாலில் மாலை போட்ட ஒரு போட்டோ இருக்கிறது. அங்கிளின் தம்பி. 2016-ல் இறந்துபோனார், கல்லீரல். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் இந்தப் பட்டியை நடத்தினார்கள், ஒரே பானையிலிருந்துதான் குடித்தார்கள். ஒருவரால் நிறுத்த முடிந்தது, ஒருவரால் முடியவில்லை.

“அடக்கம் முடிஞ்சு வந்து, அந்தப் பானையை உடைச்சிடுங்கன்னு சொன்னேன். உடைக்கல. என்னால எப்ப வேணும்னாலும் நிறுத்த முடியும்னார். அவன் தம்பியும் அதையேதான் சொல்லிட்டு இருந்தான். அப்படின்னா வருஷத்துக்கு ஒரு தடவை நிறுத்திக் காட்டுங்க, நான் பார்க்கிறேன்னு சொன்னேன்.”

அதோடு ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். தவக்காலத்தில் ஒரு வாய் குடித்தாலும் அடுத்த வருடம் பட்டியில் அடுப்பு எரியக் கூடாது. 2018-ல் ஒரு சாவு வீட்டில் அங்கிள் ஒரு கிளாஸ் எடுத்துவிட்டார். 31-வது நாள். அவரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டாராம். 2019 சீசனில் பழத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். “அந்த ரெண்டு மாசம் வீட்ல அவரைப் பார்க்க முடியல பாபா” என்றார் ஆன்ட்டி. அதற்காக நிபந்தனையைத் தளர்த்தவில்லை.

குடிக்காமல் காய்ச்சுவதில் ஒரு தொழில் கஷ்டமும் இருக்கிறது. வீரியத்தை அளக்க மிதவைக் கருவி உண்டு. உயரத்திலிருந்து கிளாஸில் ஊற்றி, எழும் குமிழிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்ப்பதும் உண்டு. ஃபெனி என்ற பெயரே நுரை என்ற பொருளில் வந்ததுதான். ஆனால் பழம் முற்றியதா, புளிப்பு மிஞ்சிவிட்டதா, அடி பிடித்ததா என்பதையெல்லாம் நாக்குதான் சொல்ல வேண்டும். அந்த நாக்கைத்தான் அங்கிள் 46 நாளைக்குப் பூட்டி வைத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அதை நேரிலேயே பார்த்தேன். அன்றைய வடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி வந்து, இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தார். அவர் வாழ்நாளில் ஒரு மடக்கு குடித்ததில்லை. ஆனால் அந்த வீட்டிலேயே நல்ல மூக்கு அவருடையதுதான் என்று அங்கிளே சொன்னார்.

“புகை” என்றார் ஆன்ட்டி.

அங்கிள் முகம் மாறிவிட்டது. விறகு கொஞ்சம் அதிகமாகிவிட்டது உண்மைதான், ஆனால் சாறு அடி பிடிக்கும் அளவுக்கு இல்லை என்று வாதாடினார். மூன்று நாள் புளித்த சாறு, அதற்கு முன் ஒரு வாரம் பொறுக்கிய பழம். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“ஒரு சொட்டு. நாக்குல வச்சுப் பார்த்துட்டுத் துப்பிடறேன்.”

“துப்பறதை யார் பார்க்கப்போறா?”

கொட்டகையில் கொஞ்ச நேரம் சொட்டும் சத்தம் மட்டும்தான். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. துப்பிவிட்டால் அது குடித்ததாகாது என்றுதான் எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அங்கிள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் இந்து, தவக்காலம் அவருக்கு இல்லை. ஒரு வாய் குடித்து, வாயிலேயே வைத்திருந்து, விழுங்கி, ஆன்ட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். புகைதான். மறுபடி காய்ச்சினாலும் அந்த வாசனை போகாதாம். அந்த வடிப்பு முழுவதையும் பின்பக்கம் பாறையில் ஊற்றிவிட்டார்கள். சாயங்காலம் வரை அங்கிள் யாரிடமும் பேசவில்லை. பானையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை, ஆன்ட்டியோடு ‘கோவா வெல்ஹா’ போயிருந்தேன். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறுக்கு மறுநாள், அங்குள்ள புனித அந்திரேயா ஆலயத்திலிருந்து புனிதர்களின் சுரூபங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். 17-ம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஆரம்பித்தது. வரிசையாக ஆடி ஆடி வரும் சுரூபங்களைப் பார்த்தபோது எனக்கு வேளாங்கண்ணித் தேர்தான் ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே வாணவேடிக்கை இல்லை, தவக்காலத்து அமைதி. ஊர்வலத்தை ஒட்டி நடக்கும் சந்தையில் கை விசிறி பிரசித்தம். கோடை உச்சத்தில் விசிறிச் சந்தை வைத்தவருக்கு நல்ல வியாபார மூளை. ஆன்ட்டி மூன்று வாங்கினார். ஒன்று எனக்கு. இன்னொன்று, அடுப்பு முன்னால் உட்கார்ந்து வேகும் மனுஷனுக்கு என்றார்.

புறப்படும் நாள் காலையில் அங்கிள் சகஜமாகிவிட்டார். அடுத்த பானைக்குச் சாறு தயாராக இருந்தது. இந்த முறை விறகை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். ஈஸ்டர் அன்று முதல் கிளாஸ் எத்தனை மணிக்கு என்று கிண்டலாகக் கேட்டேன். சனிக்கிழமை இரவுப் பூசை முடிந்ததும் என்று ஊரில் பலர் சொல்வார்களாம். அவர் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பாராம். ஒரே ஒரு கிளாஸ், தம்பி போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து. ஆன்ட்டி அந்த நேரம் சமையலறையை விட்டு வெளியே வர மாட்டாராம்.

பையைத் தோளில் மாட்டும்போது காலண்டரைப் பார்த்தேன், 36-வது கோடு விழுந்திருந்தது. பெரிய வெள்ளியும் சனியும் தாண்டினால் 46. அதற்குள் அங்கிள் அடுத்த வருடக் கணக்கையும் போனில் பார்த்து வைத்திருக்கிறார். 2026-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 18-லேயே வருகிறது, ஈஸ்டர் ஏப்ரல் 5.

“பதினஞ்சு நாள் லாபம் பாபா” என்றார், ஆன்ட்டிக்குக் கேட்காதபடி.