மறைப்பது வேறு, பொய்ப்பது வேறு

பிள்ளைகள் கூடும் இடங்களுக்கெல்லாம் சில ஒழுங்குகள் உண்டு. ஆட்டம் இழந்தவன் மட்டையைக் கீழே வைத்துவிட வேண்டும். அடுத்தவன் ஏட்டைப் பார்த்து எழுதலாகாது. இவற்றை எவரும் அச்சிட்டுத் தருவதில்லை. பார்த்தும் பழகியும் பிள்ளைகளே கற்றுக்கொள்கின்றனர். இன்றோ அவர்கள் இணையத்திலும் கூடுகின்றனர். முகம் தெரியாத, குரல் கேளாத அந்தக் கூட்டத்தில் வாய்மைக்கு என்ன ஒழுங்கு? மாணவன் ஒருவன் கேட்ட கேள்விதான் இதுபற்றி என்னைச் சிந்திக்கத் தூண்டியது.

மாலையில் மதரஸாவுக்கு ஓத வரும் பதினொரு வயதுச் சிறுவன் அவன். அவனது பள்ளிக்கூடத்தில் ‘ஸ்கிராட்ச்’ கற்பிக்கின்றனர். கணினிக்கு நிரல் எழுதப் பிள்ளைகளைப் பழக்கும் கருவி அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு உருவாக்கி, 2007-இல் பொதுமக்களுக்கு வழங்கியது. 8 முதல் 16 வயது வரையுள்ளோரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. வண்ணக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் கதைகளும் விளையாட்டுகளும் ஆக்குகின்றனர். அவற்றை அத்தளத்திலேயே வெளியிட்டு, ஒருவருக்கொருவர் கருத்தும் எழுதிக்கொள்கின்றனர்.

“ஹஜ்ரத், அங்கே ‘நேர்மையாக இரு’ என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் சேரும்போது சொந்தப் பெயரை வைக்காதே என்றும் சொல்கிறார்கள். வேறு பெயர் வைத்தால் அது பொய்யாகாதா?” என்று கேட்டான்.

“தம்பி, தெருவில் அறிமுகமில்லாத ஒருவர் உன் வீடு எங்கே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்வாயா?”

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லாமல் இருப்பது பொய்யா?”

“இல்லை.”

“நான் தலைமையாசிரியரின் மகன் என்று அவரிடம் சொன்னால்?”

“அது பொய்” என்றான் சிரித்துக்கொண்டே.

அவன் முரண்பாடு என எண்ணிய இரண்டு விதிகளும் உண்மையில் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. சொந்த விவரங்களை வெளியிடாதே என்பது பிள்ளையின் பாதுகாப்புக்கு. பிறரைப்போல் வேடமிடாதே, வதந்தி பரப்பாதே, ஏமாற்றாதே என்பது பிறரின் பாதுகாப்புக்கு. கிருஷ்ணமூர்த்தி ‘கல்கி’ என எழுதினார். விருத்தாசலம் ‘புதுமைப்பித்தன்’ என எழுதினார். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாரும் புனைபெயருடன் உலவும் இடத்தில் புனைபெயர் பொய்யாகாது. இன்னொருவரின் பெயரை எடுத்துக்கொண்டு அவராகவே நடிப்பதுதான் பொய்.

நேர்மைக்கு அங்கே இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பிள்ளை வெளியிட்ட ஆக்கத்தை மற்றொரு பிள்ளை எடுத்து, மாற்றி, புதிதாக வெளியிடலாம். அதற்குத் தடையில்லை; ஆனால் முதலில் ஆக்கியவருக்கு உரிய சிறப்பைத் தந்தாக வேண்டும். அவரது பெயரைக் கணினி தானாகவே காட்டிவிடுகிறது. அது போதும் என்றுதானே நாம் நினைப்போம்? பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. 2011-இல் வெளியான ஆய்வொன்று இதனை ஆராய்ந்தது. கணினி தானாக எழுதும் பெயரைவிட, எடுத்தவரே தம் கைப்பட எழுதும் நன்றியைத்தான் பிள்ளைகள் பெரிதாக மதித்தனர் என அது கண்டது. இயந்திரம் உண்மையைப் பதிவு செய்யலாம். நன்றியை மனிதனே சொல்ல வேண்டும். யாரிடமிருந்து கேட்டோம், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையைச் சொல்லிய பின்னரே ஹதீஸைச் சொல்லும் மரபில் வந்த நமக்கு இது புதிய பாடமன்று.

இனி, பெற்றோரிடம் பேச வேண்டிய செய்திக்கு வருகிறேன். இணையத்தில் நம் பிள்ளைகள் கற்கும் முதற்பொய் எது தெரியுமா? பெரும்பாலும் பிறந்த ஆண்டுதான். அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்டு, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, 13 வயது நிரம்பாத பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றது. அந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பல நிறுவனங்கள் 13 வயதுக்குட்பட்டோரைச் சேர்ப்பதே இல்லை என விதித்துக்கொண்டன. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, பெற்றோரின் இசைவைக் கேட்கிறது.

பிள்ளை அழுகிறது, உறவுக்காரப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்துவிட்டனர். “ஆண்டை மாற்றிப் போடு, யார் பார்க்கப் போகிறார்?” என்று வீட்டுப் பெரியவரே சொல்லிவிடுகிறார். பொய் பேசாதே என்று நாள்தோறும் போதிக்கும் வாய் அது!

இதில் இழப்பு யாருக்கு? பெரும்பாலும் சொல்லப்பட்ட வயதைக் கொண்டே அந்நிறுவனங்கள் காவலை அமைக்கின்றன. 18 வயதுக்குட்பட்டோரின் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் முதல் இன்ஸ்டாகிராம் தனிக் கட்டுப்பாடுகளை வகுத்தது. அறிமுகமற்றோர் செய்தி அனுப்புவதைத் தடுப்பது அவற்றுள் ஒன்று. இருபது வயது எனப் பொய் சொன்ன பிள்ளைக்கு அந்த வேலி எப்படிக் கிடைக்கும்? பன்னிரண்டு வயது மனம், பெரியவர்களின் சந்தையில் தனியே நிற்கும்.

அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அங்கே எவரேனும் மிரட்டினால், அருவருப்பானதை அனுப்பினால், பிள்ளை நம்மிடம் ஓடி வர வேண்டும். பொய்யைச் சொல்லி நுழைந்த பிள்ளை, அந்தப் பொய் வெளிப்பட்டுவிடுமே என அஞ்சி வாய் மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தைத்தான் தீயவர்கள் எதிர்பார்க்கின்றனர்.

ஆகவே அன்புப் பெற்றோர்களே, பிள்ளைக்கு ஒரு கணக்குத் தொடங்குமுன் பக்கத்தில் அமருங்கள். விதிகளை உரக்கப் படித்துப் பொருள் சொல்லுங்கள். எதை மறைக்கலாம், எதைத் திரிக்கக் கூடாது எனப் பிரித்துக் காட்டுங்கள். வயது போதவில்லையெனில், “இன்னும் இரண்டு ஆண்டு பொறு; அதுவரை உனக்குரிய வேறிடம் தேடித் தருகிறேன்” எனச் சொல்லுங்கள். பிள்ளை சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அத்தாவும் உம்மாவும் எளிதான இடத்திலும் பொய் சொல்வதில்லை என்பதை அது கண்டுகொள்ளும். நாளை ஒரு சிக்கல் நேர்கையில், அஞ்சாமல் நம்மிடம் வருவதற்கு அந்த நினைவே துணையாக நிற்கும்.