கம்பளிச் சட்டை கற்றுத்தந்த பாடம்

‘நூல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்பதைத் தமிழ் பயில்வோர் அனைவரும் அறிவர். பஞ்சிலிருந்து திரித்தெடுப்பதும் நூல். புலவன் சொற்களைக் கொண்டு ஆக்குவதும் நூல். இவ்விரண்டு செயல்களையும் ஒப்புமைப்படுத்திக் காட்டும் நன்னூல் பாயிரப் பகுதியை 27 ஆண்டுகள் வகுப்பறையில் விளக்கி வந்தேன். சொல்லே பஞ்சு, மதியே கதிர் என்று நான் கரும்பலகையில் எழுத, மாணவியர் குறிப்பெடுத்துக் கொள்வர். ஆயினும் அந்த 27 ஆண்டுகளில் ஓர் இழை நூலைக்கூட நான் கையால் எடுத்து எதையும் ஆக்கியதில்லை. பணி ஓய்வுக்குப் பின், என் 59ஆம் வயதில்தான் அதற்கு வாய்ப்பு வந்தது. துறையின் சிறப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, இலக்கியம் எதையும் எழுதத் தோன்றவில்லை. என் பேத்திக்கு நான் பின்னிய கம்பளிச் சட்டையைப் பற்றியே எழுதத் தோன்றியது.

என் மகளும் மருமகனும் கோடைக்கானலில் பணிபுரிகின்றனர். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலான ஊர். ஆண்டின் பெரும்பகுதி ஸ்வெட்டர் இல்லாமல் குழந்தைகளை வெளியே அனுப்ப இயலாது. ஓய்வுபெற்ற ஆண்டின் ஜூன் மாதத்தில் அங்குச் சென்று தங்கினேன். பேத்திக்கு அப்போது நான்கு வயது. சென்ற இரண்டாம் வாரத்திலேயே அவள் படித்த மழலையர் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. குழந்தை எதையும் தானாகச் செய்வதில்லை. பென்சிலைக் கையில் கொடுத்தால் கீழே வைத்துவிடுகிறாள். பொத்தான் கழன்றால் அழுதுகொண்டு நிற்கிறாள். சற்று மந்தமோ என்று ஐயுறுகிறோம் என்றனர். மகள் அன்றிரவு உண்ணவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் குழந்தையின் விரல்களை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு, “கையில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கைக்கு வேலைதான் இல்லை” என்றார்.

அவர் கூறியது உண்மையே. காலையில் அவளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வதை நான் நாள்தோறும் கண்டேன். ஒருவர் சோறு ஊட்ட, ஒருவர் காலுறை மாட்ட, ஒருவர் ஸ்வெட்டரைத் தலைவழியே இழுத்துவிட, குழந்தை பொம்மைபோல் நடுவில் நிற்கும். “நீதான் அவளைக் கெடுக்கிறாய்” என்று மகளிடம் கடிந்துகொண்டேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “பத்து வயது வரை எனக்குப் பொத்தான் மாட்டிவிட்டது யார், அம்மா? ஏழரை மணிப் பேருந்து போய்விடும் என்று என் கையைத் தட்டிவிட்டு நீங்களேதான் மாட்டுவீர்கள். எனக்கு இன்றைக்கும் ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு மறுமொழி கூற நா எழவில்லை.

கோடைக்கானலுக்கும் குழந்தைக் கல்விக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1907இல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காக முதற் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாகத் தாயகம் திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார். அக்காலத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தது இந்தக் கோடைக்கானலில்தான். அவர் வகுத்த கருவிகளுள் ‘ஆடைச் சட்டங்கள்’ என்பன குறிப்பிடத்தக்கவை. ஒரு சதுர மரச்சட்டத்தில் இரண்டு துணிகள் பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் அவற்றை இணைக்கப் பொத்தானோ கொக்கியோ கயிறோ இருக்கும். குழந்தை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். பேருந்தும் இல்லை, தட்டிவிடும் கையும் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. சட்டத்தை ஏன் தனியே செய்ய வேண்டும்? குழந்தை அணியும் ஆடையே அவள் கற்கும் கருவியாக இருந்தால் என்ன?

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். வயது எழுபதைத் தாண்டியவர்; கையில் எப்போதும் பின்னல் ஊசிகள் இருக்கும். அவரிடம் சென்று, “அக்கா, எனக்குப் பின்னக் கற்றுத் தருவீர்களா?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “கற்றுத் தருகிறேன், டீச்சர். ஆனால் பின்னித் தர மாட்டேன்” என்றார். அச்சொல்லின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கியது.

புதிதாகப் பின்னுவோர்க்கு ஏற்ற சட்டை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அவரே வகுத்துத் தந்தார். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என நான்கே துண்டுகள்; நான்கும் நீள்சதுரம். வளைவும் சரிவும் வேண்டா. எல்லா வரிசைகளையும் ஒரே வகை நேர்ப்பின்னலாகப் பின்னினால் போதும். ஓரம் சுருளாது, இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும், இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெளிவாக எழும்பி நிற்கும். நடுத்தரப் பருமனுள்ள நூல், 4 மி.மீ. ஊசி. முதலில் 10 செ.மீ. அகலத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னச் சொன்னார். அந்த அகலத்தில் 22 கண்ணிகள் இருக்க வேண்டும். எனக்கு 28 இருந்தன. “கையை இறுக்குகிறீர்கள், டீச்சர். பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் உட்கார்ந்திருக்கிறீர்களே!” என்று சிரித்தார். சிரிப்புக்குரிய செய்திதான், ஆனால் கணக்கு சிரிப்புக்குரியதன்று. சட்டையின் முன்பக்கத்திற்கு 72 கண்ணிகள். கை தளர்ந்திருந்தால் அது 33 செ.மீ. அகலம் வரும், என் இறுக்கத்தில் 26 செ.மீ.க்கும் குறைந்து, கைக்குழந்தையின் சட்டையாகிவிடும். நான்கு மாதிரித் துண்டுகளுக்குப் பின்னரே என் கை 22க்கு இறங்கி வந்தது.

72 கண்ணிகள் ஏற்றிய பின்னும் தொல்லை தீரவில்லை. ஒரு மாலை எண்ணிப் பார்த்தால் 75 இருந்தன. வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் போட்டால் ஓரக் கண்ணி ஒன்று இரண்டாகத் தோன்றும். நான் அவ்விரண்டையும் பின்னியிருந்தேன். முதுகலைப் பட்டம் பெற்ற நான், வரிசைதோறும் விரல் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். பேத்தி அருகில் வந்து அமர்ந்து என்னுடன் எண்ணுவாள். பன்னிரண்டுக்கு மேல் அவளுக்குத் தடுமாறும். நாற்பதுக்கு மேல் எனக்கும் தடுமாறும்.

பிறிதொரு நாள் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவியது. நழுவிய கண்ணி அங்கேயே நிற்பதில்லை. ஏணிப்படி சரிவதுபோல் வரிசை வரிசையாகக் கீழே பிரிந்துகொண்டு போகும். பதறி அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அக்கா ஒரு கொக்கி ஊசியை எடுத்து என் கையில் கொடுத்தார். “நான் எடுத்துக் கொடுத்தால் இன்றைக்கு ஒரு கண்ணி மிச்சமாகும். நாளைக்கு மறுபடியும் என் வாசலில் நிற்பீர்கள்” என்று கூறிவிட்டு, சன்னல் பக்கம் திரும்பி அமர்ந்துகொண்டார். அந்த ஒரு கண்ணியை மேலேற்ற எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகின் மீது எனக்குச் சினமே வந்தது. கண்ணி ஏறிய பின் வந்த மகிழ்ச்சியோ, நான் பட்டம் பெற்ற நாளிலும் பெறாதது.

பின்னலும் குழந்தைக் கல்வியும் உடன்பிறப்புகள் என்பதை அந்த மழைக்காலத்தில்தான் படித்தறிந்தேன். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிரான்சு நாட்டின் கிழக்கே மலைச்சிற்றூர் ஒன்றில் சாரா பன்சே என்னும் இளம்பெண் சிறுவர்களைத் தம் வீட்டில் கூட்டிப் பின்னல் கற்பித்தார். அவ்வூர்ப் போதகர் ஓபர்லின் அதனை ஆதரித்து வளர்த்தார். குழந்தைகளின் கைகள் பின்னிக்கொண்டிருக்க, செவிகள் கதையும் செடிகொடிகளின் பெயர்களும் கேட்டன. ஐரோப்பாவின் முதல் மழலையர் பள்ளிகளுள் அது வைத்தெண்ணப்படுகிறது. 1837இல் செர்மனியில் குழந்தைகளுக்கென நிலையம் கண்டு, பின்னர் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ எனப் பெயரிட்ட ஃப்ரோபெல், குழந்தைக்குத் தரவேண்டிய முதற் பரிசாக வகுத்தவையும் ஆறு நிறக் கம்பளி நூற்பந்துகளே.

இவற்றை மனத்திற்கொண்டு சட்டையைத் திட்டமிட்டேன். இடக்கை முழுவதும் எண் படிகள். சிவப்பில் ஒரு மேடு, அடுத்து நீலத்தில் இரண்டு, மீண்டும் சிவப்பில் மூன்று என மணிக்கட்டிலிருந்து தோள் நோக்கிப் பத்து வரை ஏறும். மொத்தம் 55 மேடுகள். சிவப்பும் நீலமும் மாறிமாறி வருவது மாண்டிசோரியின் எண் கோல்களிலிருந்து நான் பெற்ற கடன். வலக்கை விரலால் குழந்தை தடவி எண்ணலாம். கண்ணை மூடிக்கொண்டும் எண்ணலாம். இடப்புறச் சட்டைப்பை சிவப்பு, வலப்புறப் பை நீலம். இடம் வலம் அறிய அது போதும். ஒரு பையில் ‘ட’, மற்றொன்றில் ‘ப’ எனச் சங்கிலித் தையலால் எழுதினேன். இரண்டும் நேர்க்கோடுகளாலேயே ஆனவை. எழுதப் பழகும் விரலுக்கும் தைக்கப் பழகும் விரலுக்கும் எளியவை.

பின்னலில் எழுத்தைப் பொறிப்பது புதுமையன்று. ஸ்பெயின் நாட்டில் பூர்கோசு நகரை அடுத்த மடமொன்றில், 1275இல் இறந்த இளவரசர் ஒருவரின் கல்லறையிலிருந்து பட்டு நூலால் பின்னிய தலையணை உறை கிடைத்தது. முஸ்லிம் கைவினைஞரின் வேலை என்று அறிஞர் கருதும் அதன் ஓரத்தில், ‘பரக்கத்’ என நாம் வழங்கும் அரபுச் சொல் மீண்டும் மீண்டும் பின்னப்பட்டிருக்கிறது. நற்பேறு என்னும் ஒரு சொல்லைக் கண்ணி கண்ணியாக எண்ணிப் பின்னிய அந்தப் பெயரறியாக் கைகளை நினைத்துக்கொண்டே நான் என் ‘ட’வைத் தைத்தேன்.

பொத்தான்களே சட்டையின் உயிர். நான் பார்த்த படத்தில் அவை தோளில் இருந்தன. அக்கா தலையசைத்தார். “தோளில் இருக்கும் பொத்தானைக் குழந்தை எப்படிப் பார்க்கும்? அது அம்மா மாட்டுவதற்கான பொத்தான்” என்றார். ஆகவே முன்பக்கத்தை மார்பளவில் இரண்டாகப் பிரித்து மூன்று பொத்தான் வைத்தோம். ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. அகலம், சிறு விரல்களுக்குப் பிடி கிடைக்கும். துளைக்காக ஒரு வரிசையில் நான்கு கண்ணிகளை முடித்து, அடுத்த வரிசையில் அதே இடத்தில் நான்கு கண்ணிகளைப் புதிதாக ஏற்ற வேண்டும். பொத்தான்களை அறுந்து வாய்க்குள் போகாதபடி இரட்டை நூலால் தைக்கச் சொன்னார். முடிச்சுப் போடப் பழகட்டும் என்று நான் கழுத்தில் கோத்திருந்த கயிற்றை, “எதிலாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும்” என்று என்னையே உருவச் செய்தார்.

நவம்பரில் சட்டை முடிந்தது. ஒரு கை மற்றதைவிடச் சிறிது நீளம். பின்பக்கத்தில் ஒரு பிழை கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. மறுநாட்காலை பேத்தியிடம் கொடுத்து, “நீயே போட்டுக்கொள், தாயி” என்றேன். அவள் தலையை நுழைத்தாள், பொத்தானைப் பிடித்தாள், விட்டாள். உதடு துடித்தது. மகளின் கை நீண்டது. நான் அந்தக் கையைப் பற்றிக்கொண்டேன். வாசலில் பள்ளி வண்டி ஒலியெழுப்பியது. மகள் என்னைப் பார்த்தாள். நான் கையை விடவில்லை. வண்டி போய்விட்டது.

குழந்தை மூன்றாம் துளையில் இரண்டாம் பொத்தானை மாட்டியிருந்தாள். கீழே குனிந்து நெடுநேரம் பார்த்தாள். “அம்மாச்சி, ஒரு பொத்தானுக்கு வீடு இல்லை” என்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளே எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் தொடங்கினாள். கால் மணி நேரத்திற்கும் மேலாயிற்று. முடித்தபின் அவள் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. இடக்கையை நீட்டிப் படிகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். அழுதவள் என் மகள்தான்.

ஒரு சட்டையால் குழந்தை மேதையாகிவிட்டாள் என்று கூற மாட்டேன். பென்சிலை அவள் ஒழுங்காகப் பிடிக்க மேலும் சில மாதங்கள் ஆயின. பள்ளியின் கருத்தும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மாறியது எங்கள் வீட்டுக் காலைப்பொழுது. அரை மணி நேரம் முன்னதாக எழுகிறோம். அந்த அரை மணியும் அவளுக்குரியது.

மலையிலிருந்து இறங்கி வந்தபின் என் பழைய வகுப்பறையை அடிக்கடி நினைக்கிறேன். வினாவைத் தொடுத்துவிட்டு, மாணவி ஒருத்தி விடையைத் தேடித் தடுமாறும் வேளையில், மணி அடித்துவிடும், பாடப்பகுதி முடியாது என்றஞ்சி நானே விடையைக் கூறிவிடுவேன். என் குறிப்புகளை மனப்பாடம் செய்து முதல் வகுப்பில் தேறியோர் பலர். அவர்களுள் எத்தனை பேர் ஒரு செய்யுளைத் தாமே பிரித்துப் பொருள் காணப் பழகினர் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களுடைய பொத்தான்களையும் நானே மாட்டிவிட்டேன் போலும். அன்பு மாணவ மாணவியரே, உங்கள் ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி நின்றால், அவரைக் கடுமையானவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

சென்ற முறை கோடைக்கானல் சென்றிருந்தபோது, சட்டையின் நடுப் பொத்தான் தளர்ந்து தொங்கியது. மகள் அதை என்னிடம் நீட்டி, “அம்மா, இதைத் தைத்துக் கொடுங்களேன்” என்றாள். ஊசியில் நூலைக் கோத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் சன்னல் பக்கம் திரும்பி அமர்ந்துகொண்டேன்.