சிப்பிக்கு நடுவே உள்ளதையும் சேர்த்து அனுப்பு

மணமேல்குடி

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்துவிட்ட கல்லெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கிரிஃபியா சிப்பி அப்படி அடைந்து கிடக்கிறது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல்! நார்த்தாமலை, குடுமியான்மலை என்று கருங்கல்லையே பார்த்து வளர்ந்த உனக்கு அரியலூர்ச் சுரங்கத்தில் வேலை கிடைத்ததே பாக்கியம்.

பெரிய சிப்பி ஒன்றின் ஓட்டில் ஊசி குத்தினாற்போலத் துளைகள். கடற்பஞ்சு குடைந்தவை. உட்புறத்திலும் இருக்கின்றன. அப்படியென்றால் சிப்பி செத்து, ஓடு திறந்தபிறகும் மண் மூடாமல் நெடுநாள் கடலடியில் கிடந்திருக்கிறது. வண்டல் மெதுவாகத்தான் படிந்திருக்கிறது.

ஆனால் மற்றவற்றைத் தட்டிச் சுத்தம் செய்து அனுப்பிவிட்டாயே! சிப்பிகளுக்கு இடையில் இருப்பதுதான் எனக்கு முக்கியம். அங்கே நுண்ணிய சுண்ணாம்புச் சேறு இறுகியிருந்தால், தண்ணீர் அமைதியாக இருந்திருக்கிறது. சேறில்லாமல் கால்சைட் படிகம் நிரம்பியிருந்தால், அலை சேற்றை அலசிக்கொண்டு போயிருக்கிறது. 'ஆழமில்லாத கடல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. இங்கே பாக் விரிகுடாவில் சேறும் கடற்புல்லும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. இரண்டும் ஆழமில்லாத கடல்தானே? கல்லக்குடிப் பக்கம், நீ அனுப்பியதைவிடப் பழைய சுண்ணாம்புக்கல்லில் பவளமும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்திருக்கின்றன. பாசிக்கு வெயில் வேண்டும். அங்கே தண்ணீர் தெளிந்திருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

1862-இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு உங்கள் பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். அவர் பார்த்தது ஓடைக்கரையும் வயல்வெளியும். உனக்கோ சுரங்கத்தில் அடுக்கு மொத்தமும் செங்குத்தாக வெட்டி நிற்கிறது. அடுத்த வெடியில் அதுவும் கிரஷருக்குப் போய்விடும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மேலாளரிடம் அனுமதி கேட்டு, வெடி வைக்காத நேரத்தில் மட்டும் சுரங்க வெட்டுப்படி (பெஞ்ச்) அருகே போ. பெயர்க்கும் முன்பே கல்லில் மேல்நோக்கிச் சாக்பீஸால் அம்பு போடு. பெயர்த்தபின் மேல் எது, கீழ் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒற்றை ஓடுகள் பெரும்பாலும் கவிழ்ந்து கிடந்தால் நீரோட்டம் புரட்டியது; இரண்டு ஓடும் மூடியபடி இருந்தால் சட்டென்று புதைந்தது; எல்லாம் நொறுங்கிக் கிடந்தால் அலையடியோ புயலோ. அடியில் கூழாங்கல்லும் மணலும் கலந்த அடுக்கு தெரிந்தால் அதிலும் ஒரு துண்டு எடு. கடல் தரைமேல் ஏறி வந்த கதை அதில்தான் இருக்கிறது.

கழுவாதே. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றி, தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று எழுதி, பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டு வா.

அன்புடன்,
அக்கா